தவளை நிரை

மூன்று மணிக்கு மலைப்பக்கம் கறுத்தால்
நான் ஸ்பார்க் பிளக்குகளை எண்ணி எடுத்து வைப்பேன்.
சொல்லக் கூடாதுதான்.
கூலிமில் என் பட்டறைக்கு
மழைதான் முதலாளி.

ஆறரைக்குள் வந்துவிடுவார்கள்,
தாமான் மெலோர் இறக்கத்தில் மூழ்கிய மோட்டார்களைத்
தள்ளிக்கொண்டு,
சப்பாத்துகளை ஹேண்டிலில் கோத்துக்கொண்டு.
சிப் தொழிற்சாலையின் நீலச் சட்டை,
அதற்குக் கீழே முழங்கால்வரை சேறு.
'அண்ணே, ஸ்டார்ட் ஆகல.'
எப்படி ஆகும்?
கார்ப்பரேட்டரில் தண்ணீர், ஃபில்டரில் தண்ணீர்,
திறந்துவிட்டால் எஞ்சின் எண்ணெய்
தே தாரேக் நிறத்தில் இறங்குகிறது.
ஒருமுறை சைலன்சரிலிருந்து
விரல்நீள மீன் ஒன்று விழுந்தது, உயிரோடு.
அதற்கு மட்டும் நான் கூலி வாங்கவில்லை.

அந்த இறக்கத்துக்குப் பழைய பெயர் தவளை நிரை.
எட்டாம் நம்பர் காட்டின் கடைசிப் பள்ளம்.
மரங்களைச் சாய்த்து, மண்ணைக் கொட்டி, தார் ஊற்றி,
இருநூற்றுப் பன்னிரண்டு வீடு.
விளம்பரப் பலகையில் எழுதியிருந்தான்:
'நீரோடு இணைந்த வாழ்வு.'
பொய் சொல்லவில்லை, பாவி.

தங்கை கோமளா இன்னும் தோட்டத்தில்.
விடியற்காலை நாலு மணிக்கு மரத்தைத் தொட்டுப் பார்ப்பார் மச்சான் வீரையா.
பட்டை ஈரமென்றால் வெட்ட முடியாது,
கோட்டில் நிற்காமல் பால் மரமெல்லாம் வழிந்துவிடும்.
வெட்டு இல்லையென்றால் பேரு இல்லை. சம்பளம் இல்லை.
ஐந்து மணிக்கு என் கைப்பேசியில் அவள் குரல்:
'இன்னிக்கும் இல்லண்ணே.'
அவ்வளவுதான். காசு கேட்க மாட்டாள்.
பின்னால் தகரத்தில் மழை அடிப்பது
அவள் குரலைவிடத் தெளிவாகக் கேட்கும்.

எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும்,
அதை என்ன செய்வது?
பட்டறைக் கூரையிலும் அதே தகரம்தான்.
கொட்டும்போது யாரும் யாரோடும் பேச முடியாது.
விலை குறைக்கச் சொல்கிறவன் வாய் மட்டும் அசையும்.
கோப்பி-ஓவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
ஈரக்காலோடு நிற்பேன்.
ஒரு பத்து நிமிஷம்
நான் யாருக்கும் மச்சானில்லை, அண்ணனில்லை.

போன செவ்வாய், மழையின் ஒன்பதாம் நாள்,
வரிசையில் ஏழாவதாக ஒரு பழைய கப்சாய்.
தள்ளிக்கொண்டு வந்தவர் வீரையா.
தோட்டத்தில் ஏது வெள்ளம், என்றேன்.
'தோட்டத்துல இல்ல. தாமான் மெலோர்ல.
ராத்திரி ஜாகா வேல. நாலு நாளாச்சு.'
சட்டையில் வேறு யாருடைய பெயரோ தைத்திருந்தது.

அவர் பதினோரு வருஷம் வெட்டிய நிரை அது.
இப்போது அங்கே உள்ளே போகிற கார்களின்
நம்பரை எழுதுகிறார்.
'தவள எல்லாம் திரும்பி வந்துடுச்சு மாப்ள,
ஜாகா கொட்டாயிக்குள்ளயே உக்காந்திருக்கு.
தொரத்தச் சொல்றான் சூப்பர்வைசர்.'
தொரத்துனீங்களா?
'அதுங்களுக்குத்தான் வீடு கட்டுன ஆளு யாருன்னு தெரியாதே'
என்றார்.
அது பதிலா என்று எனக்குப் புரியவில்லை.

எண்ணெய் மாற்றினேன், பிளக் மாற்றினேன்.
எவ்வளவு என்றார்.
மழைச் சத்தத்தில் கேட்காததுபோலக் குனிந்துகொண்டேன்.
நிமிர்ந்தபோது வண்டி போயிருந்தது.
மேசைமேல் என் 555 புத்தகம் திறந்து கிடந்தது,
கடன்காரர்கள் பக்கத்தில், அவர் கையெழுத்தில்:
வீரையா. முப்பத்தெட்டு வெள்ளி.
நான் கேட்டிருந்தால் சொல்லியிருக்கக்கூடிய அதே தொகை.

இன்றும் மூன்று மணிக்குக் கறுக்கிறது.
சாமிப் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி கொளுத்தி
என்ன கேட்பது என்று தெரியாமல் நிற்கிறேன்.
பிளக் பதினொன்று இருக்கிறது.
பினாங்குக் கடைக்காரனுக்குப் போன் போட்டு
இன்னும் இருபது அனுப்பச் சொன்னேன்.
வெளியே முதல் துளிகள்,
புழுதி மணம் எழும்புகிறது.
மூக்கு விரிகிறது எனக்கு,
வெட்கமில்லாமல்.